எச்பியைப் பார்த்து எந்திரம் வாங்கலாமா?

லேத்தோ, மில்லிங் எந்திரமோ, சிஎன்சியோ வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, "எத்தனை எச்பி?" கோவை ஆவாரம்பாளையத்திலும் சென்னை அம்பத்தூரிலும் ஓசூரிலும் இதுதான் வழக்கம். விற்பவரும் அதைத் தெரிந்துகொண்டு விலைப்பட்டியலில் அந்த எண்ணைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார். பக்கத்துப் பட்டறைக்காரர் பத்து எச்பி வைத்திருந்தால் நமக்குப் பதினைந்து இருக்கட்டுமே, நாளைக்குப் பெரிய வேலை வந்தால் ஆகும் என்ற நினைப்பிலேயே பல எந்திரங்கள் விலைபோகின்றன. உலோகத்தை வெட்ட எவ்வளவு மின்சக்தி வேண்டும் என்பது தோராயத்துக்கும் கௌரவத்துக்கும் விட்டுவிடுகிற விஷயம் அல்ல. எந்த உலோகம், என்ன வேகம், எவ்வளவு ஆழம், என்ன ஃபீடு என்று தெரிந்தால் ஒரு துண்டுத் தாளில் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடலாம். பாலிடெக்னிக் பாடத்திலேயே இருக்கிற கணக்குதான். அதைப் போடாமல் வாங்குகிறவர்களில் சிலர் தேவைக்கு மீறிய மோட்டாருக்கு மாதாமாதம் தண்டம் கட்டுகிறார்கள். வேறு சிலர் பெரிய மோட்டாரை வாங்கி வைத்துக்கொண்டும் வேலை ஓடாமல் விழிக்கிறார்கள். இந்த இரண்டாவது வகைதான் அதிகம் கவனிக்கப்படாதது.

கணக்கு இப்படித்தான் போகும். டூல் எடுக்கிற சீவலின் குறுக்குப் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் என்றால், மைல்டு ஸ்டீலில் அதைப் பெயர்க்க ஏறத்தாழ 2,000 நியூட்டன் விசை வேண்டும். அதாவது 200 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம். வார்ப்பிரும்புக்கு அதைவிடக் குறைவு. அலுமினியத்துக்கு எழுநூறு, எண்ணூறு போதும். இப்போது ஒரு மைல்டு ஸ்டீல் தண்டை கார்பைடு இன்சர்ட் போட்டு, 2 மில்லிமீட்டர் ஆழத்தில், ஒரு சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் ஃபீடில், நிமிடத்துக்கு 150 மீட்டர் வேகத்தில் கடைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். சீவலின் பரப்பு 0.4 சதுர மில்லிமீட்டர். விசை 800 நியூட்டன். வேகம் நொடிக்கு இரண்டரை மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 2,000 வாட், அதாவது 2 கிலோவாட். பெல்ட்டிலும் கியரிலும் பேரிங்கிலும் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று எடுத்துக்கொண்டால் மோட்டார் தரவேண்டியது இரண்டரை கிலோவாட். டூல் மழுங்க மழுங்க விசை ஏறும். அதற்காகக் கால் பங்கு கூட்டினாலும் மூன்று கிலோவாட்டைச் சற்றே தாண்டும். கடையில் கிடைக்கிற அளவில் இது 3.7 கிலோவாட், நம் வழக்கில் ஐந்து எச்பி. அதே வெட்டை எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூலில், நிமிடத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் எடுத்தால் டூல் முனையில் 400 வாட் போதும். பத்து எச்பி எந்திரத்தில் எச்எஸ்எஸ் டூல் போட்டு இந்த வேலையை ஓட்டுகிறவர், வாங்கிய பலத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்துவதில்லை.

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. எந்திரத்துக்கு எத்தனை எச்பி என்ற கேள்வியே ஒரு காலத்தில் கிடையாது. கூரையின் கீழ் நீளவாக்கில் ஓடும் ஒரே ஷாஃப்டை நீராவி எஞ்சினோ பெரிய மோட்டாரோ சுழற்றும். ஒவ்வோர் எந்திரத்துக்கும் அதிலிருந்து ஒரு தோல்பெல்ட் இறங்கும். பெல்ட் வழுக்குகிற வரைக்கும்தான் எந்திரத்தின் பலம். அமெரிக்காவில் ஃபிரடெரிக் டெய்லர் இருபத்தாறு ஆண்டுகள் உலோக வெட்டைச் சோதித்து, 1906இல் அந்நாட்டு எந்திரப் பொறியாளர் சங்கத்தில் முடிவுகளை வெளியிட்டார். அவரும் மான்செல் ஒயிட்டும் கண்டுபிடித்த ஹைஸ்பீடு ஸ்டீல் 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் சிவக்கச் சிவக்க இரும்பை வெட்டிக் காட்டியபோது, அதுவரை செய்திருந்த எந்திரங்கள் அந்த டூலுக்கு ஈடுகொடுக்க முடியாதவை என்பது அம்பலமாயிற்று. 1920களின் பின்பாதியில் ஜெர்மனியின் குரூப் நிறுவனம் விடியா என்ற பெயரில் கார்பைடை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதே கதை மறுபடி நடந்தது. டூல் மாறும்போதெல்லாம் வேகம் கூடியது. வேகம் கூடிய அளவுக்கு மின்சக்தித் தேவையும் கூடியது. பைக்காரா நீர்மின்சாரம் 1932இல் வந்து, ஐந்தாண்டுக்குள் மோட்டாரையே உள்ளூரில் செய்துகாட்டிய கோவைக்கு இது அந்நியமான செய்தி அல்ல. எந்திரத்துக்கு எந்திரம் தனி மோட்டார் என்று ஆனபோது பெல்ட் கணக்கு போய் எச்பி கணக்கு வந்தது. ஆனால் அந்த எச்பி டூலிலிருந்து பிறக்கிறது என்பதை மட்டும் நாம் மறந்துவிட்டோம். மூன்று எச்பி பழைய லேத்தில் கார்பைடு இன்சர்ட்டை மாட்டிவிட்டு, எந்திரம் திணறுகிறது என்று குறைப்படுவதும், பதினைந்து எச்பி எந்திரத்தில் எச்எஸ்எஸ் டூலைப் போட்டுத் தடவிக்கொண்டிருப்பதும் ஒரே மறதியின் இரண்டு முகங்கள்.

எச்பியை மட்டும் பார்ப்பதில் உள்ள பெரிய ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இன்றைய சிஎன்சி ஸ்பிண்டில் மோட்டார்கள் எல்லா வேகத்திலும் ஒரே சக்தியைத் தருவதில்லை. ஒரு குறிப்பிட்ட அடிப்படை வேகத்துக்குக் கீழே இறங்கினால் முறுக்குவிசை ஏறாமல் அப்படியே நிற்கும். சக்தி மட்டும் வேகத்தோடு சேர்ந்து குறையும். 11 கிலோவாட் மோட்டாரின் அடிப்படை வேகம் நிமிடத்துக்கு 1,500 சுற்று என்றால், அதன் முறுக்குவிசை 70 நியூட்டன் மீட்டர். அதே மோட்டார் 300 சுற்றில் ஓடும்போது கிடைப்பது 2.2 கிலோவாட்தான். இப்போது அந்த எந்திரத்தில் 40 மில்லிமீட்டர் எச்எஸ்எஸ் டிரில்லை மைல்டு ஸ்டீலில் இறக்குவோம். வெட்டுவேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்றால் டிரில் சுற்றவேண்டியது 200 தடவை. ஒரு சுற்றுக்கு 0.3 மில்லிமீட்டர் ஃபீடில் தேவைப்படும் சக்தி இரண்டரை கிலோவாட்டைச் சற்றே தாண்டும். பதினொன்றில் கால் பங்கு, அவ்வளவுதான். ஆனால் முறுக்குவிசை 120 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டும். நேரடியாக இணைத்த ஸ்பிண்டில் எழுபதோடு நின்றுவிடும். எந்திரம் அலாரம் கொடுத்து நிற்கும். பக்கத்தில் கியர்பாக்ஸ் வைத்த, ஐந்து எச்பி பழைய ரேடியல் டிரில்லிங் எந்திரம் அந்தத் துளையை அலட்டிக்கொள்ளாமல் போட்டு முடித்துவிடும். மேட்டில் ஏறும் லாரி முதல் கியருக்கு மாறுவது போன்ற வேலை இது. எஞ்சினைப் பெரிதாக்கியா ஏறுகிறோம்? பெரிய எச்பி வாங்கியும் வேலை ஓடவில்லை என்று புலம்புகிறவர்களில் பலர், தாங்கள் வாங்கியது வேகம், தங்களுக்கு வேண்டியிருந்தது முறுக்கு என்பதைப் பணம் கட்டிய பிறகே உணர்கிறார்கள்.

பட்டியலில் போடும் எண்ணிலும் ஒரு நெளிவு உண்டு. ஸ்பிண்டில் மோட்டார்களுக்குப் பெரும்பாலும் இரண்டு மதிப்புகள் தரப்படும்: நாள் முழுக்கத் தரக்கூடியது ஒன்று, அரைமணி நேரம் மட்டும் தாங்கக்கூடியது மற்றொன்று. 7.5/11 என்று போட்டிருந்தால் தொடர்ந்து கிடைப்பது 7.5 கிலோவாட், 11 என்பது குறுகிய நேரத்துக்கு மட்டும். விளம்பரத்தில் பெரிதாக நிற்பது எது என்று சொல்லத் தேவையில்லை. இதை மோசடி என்று சொல்லமாட்டேன். வெட்டு வேலை விட்டுவிட்டு நடப்பது. கனமான ரஃப் வெட்டு சில நிமிடம், பிறகு ஃபினிஷிங், பிறகு டூல் மாற்றம், பிறகு ஜாப் மாற்றம். குறுநேர மதிப்பு அதற்காகவே இருக்கிறது. ஆனால் ஒரு எந்திரத்தின் தொடர் மதிப்பை இன்னொன்றின் குறுநேர மதிப்போடு ஒப்பிட்டு விலை பேசுவது வாங்குகிறவருக்குத்தான் நஷ்டம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மோட்டார் பெரிதாக இருந்தால் என்ன, அது இழுப்பது வேலைக்குத் தேவையான கரண்டைத்தானே? வெட்டுக்கு இரண்டு கிலோவாட் போதும் என்றால் பதினைந்து எச்பி மோட்டாரும் அதைச் சுற்றித்தானே இழுக்கும்? பாதி உண்மை. நல்ல இண்டக்‌ஷன் மோட்டாரின் திறன் முழுச்சுமையிலிருந்து பாதிச்சுமை வரை பெரிதாக விழுவதில்லை. ஆகவே கணக்கில் வந்ததைவிட ஒரு படி பெரிய மோட்டார் வாங்குவதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. ஆனால் சுமை கால்வாசிக்கும் கீழே போனால் திறனும் சரியும், பவர் ஃபேக்டர் அதைவிட வேகமாகச் சரியும். முழுச்சுமையில் 0.85 அளவில் இருக்கிற பவர் ஃபேக்டர், சும்மா சுற்றும்போது 0.2, 0.3 என்று இறங்கிவிடும். அதைச் சரிக்கட்டக் கெப்பாசிட்டர் வாங்க வேண்டும். நேரடி ஸ்டார்ட்டரில் ஓடும் மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைப் போல ஆறேழு மடங்கு கரண்டை இழுக்கும். மோட்டார் பெரிதாகப் பெரிதாக ஒயர், ஸ்டார்ட்டர், ஃபியூஸ், ஜெனரேட்டர் என்று கூடவே எல்லாம் பெரிதாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் நிலைக்கட்டணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த கட்டண உத்தரவு, தாழ்வழுத்தத் தொழிற்சாலைகள் கிலோவாட்டுக்கு மாதம் 35 ரூபாய் கட்டிவந்த நிலைக்கட்டணத்தை, 50 கிலோவாட் வரை உள்ளவர்களுக்கே 75 ரூபாயாக்கியது. அதற்கு மேல் உள்ளவர்களுக்கு இன்னும் பல மடங்கு. குறு, சிறு தொழில் அமைப்புகள் 2023 செப்டம்பரில் கதவடைப்பு நடத்தியதற்கு உச்சநேரக் கட்டணத்தோடு இதுவும் ஒரு காரணம். இந்தக் கட்டணம் எந்திரம் ஓடியதா இல்லையா என்று பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தில் எழுதிய மின்பளுவைத்தான் பார்க்கிறது. 5.5 கிலோவாட் போதும் என்ற இடத்தில் 11 கிலோவாட் வாங்கி, அதை ஒப்பந்தப் பளுவிலும் ஏற்றியவர், 2022இன் அந்த 75 ரூபாய் வீதத்திலேயே ஓர் எந்திரத்துக்கு ஆண்டுக்கு 4,950 ரூபாய் கூடுதலாகக் கட்டுவார். பத்து எந்திரம் என்றால் ஏறக்குறைய அரை லட்சம். ஆர்டர் இல்லாத மாதத்திலும் இது நிற்காது.

இந்த இடத்தில் அரசும் தன் பங்குக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். பத்து எந்திரம் உள்ள ஜாப் ஆர்டர் பட்டறையில் பத்தும் ஒரே நேரத்தில் முழுச்சுமையில் வெட்டுவது நடக்காத காரியம். ஒன்றில் ஜாப் ஏற்றிக்கொண்டிருப்பார்கள், ஒன்றில் அளவு பார்ப்பார்கள், ஒன்று ஆள் இல்லாமல் நிற்கும். மோட்டார்களின் எச்பியைக் கூட்டி வரும் எண்ணுக்கும் மீட்டரில் பதிவாகும் உச்சத் தேவைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். மின்வாரியம் தரப்பில் ஒரு பதில் உண்டு: நீங்கள் கேட்ட பளுவுக்கு டிரான்ஸ்ஃபார்மரும் கம்பியும் தயாராக வைத்திருக்கிறோம், அதற்குக் கட்டணம் வேண்டாமா? வேண்டும்தான். ஆனால் எந்த மின்வாரியமும் எல்லா நுகர்வோரின் ஒப்பந்தப் பளுவையும் அப்படியே கூட்டி டிரான்ஸ்ஃபார்மர் வைப்பதில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் அமைக்கிறார்கள். தான் போட்டுக்கொள்ளும் அந்தக் கழிவை வாடிக்கையாளருக்கு மறுப்பது முறையல்ல. உச்சத் தேவையைப் பதிவு செய்யும் மீட்டர்கள் இருக்கும் காலத்தில், சிறு பட்டறைகளுக்கும் நிலைக்கட்டணத்தைப் பதிவான உச்சத் தேவையின் மேல் போடுவதே சரி.

இன்னொரு மறுப்பு, இதைவிடச் சுவையானது. பெரிய மோட்டார் இருந்தால் வேகமாக வெட்டலாம், வேகமாக வெட்டினால் மின்சாரம் மிச்சமாகும் என்கிறார்கள். கேட்கும்போது முரணாகத் தோன்றினாலும் இதில் உண்மை இருக்கிறது. எம்ஐடியின் டிமதி குடோவ்ஸ்கி குழுவினர் எந்திரங்களின் மின்செலவை ஆராய்ந்தபோது எடுத்துக்காட்டிய டொயோட்டாவின் தானியங்கி வெட்டு வரிசையில், உலோகத்தை வெட்டுவதற்கென்று போன மின்சாரம் அதிகபட்சமே 14.8 சதவீதம். மற்றதெல்லாம் கூலன்ட் பம்ப், ஹைட்ராலிக், மின்விசிறி, கட்டுப்பாட்டுச் சாதனங்கள் என்று எந்திரம் விழித்திருப்பதற்கான செலவு. இந்த அடிச்செலவு 3 கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு ஜாபை ஒரு கிலோவாட் வெட்டில் பத்து நிமிடம் ஓட்ட 0.67 யூனிட் ஆகும். அதையே இரண்டு கிலோவாட் வெட்டில் ஐந்து நிமிடத்தில் முடித்தால் 0.42 யூனிட். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். ஆக, பலமான வெட்டு நல்லதுதான். ஆனால் கவனியுங்கள், இங்கே மிச்சம் பிடித்தது உண்மையில் நடந்த வெட்டு. பதினைந்து எச்பி வாங்கி, ஜாபைப் பிடிக்கும் ஃபிக்‌ஸ்சர் ஆடுகிறது என்று மெதுவாக ஓட்டினால் மிச்சமாவது எதுவும் இல்லை. பல பட்டறைகளில் வெட்டைத் தடுப்பது மோட்டாரின் பலக்குறைவு அல்ல. ஜாபின் மெலிவு, பிடிமானத்தின் தளர்வு, எந்திரப் படுகையின் அதிர்வு, மலிவான இன்சர்ட்! இவற்றில் போடுகிற பணம், எச்பியில் போடுகிற பணத்தைவிட விரைவாகத் திரும்பிவரும். டீ இடைவேளையிலும் ஓடிக்கொண்டிருக்கிற கூலன்ட் பம்ப்பை அணைப்பதற்கோ செலவே இல்லை.

கடைசியாகப் பயம். மோட்டார் சிறியதாக இருந்தால் காயில் போய்விடும், ரீவைண்டிங் செலவும் நின்றுபோன நாட்களும் யார் தலையில்? வோல்டேஜ் நிலையாக இல்லாத ஊரில் இந்தப் பயத்தை அலட்சியம் செய்யக்கூடாது. இண்டக்‌ஷன் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். வோல்டேஜ் பத்து சதவீதம் விழுந்தால் முறுக்கு 19 சதவீதம் விழும். அதனால்தான் கணக்கில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கூட்டிக்கொள்ளச் சொல்கிறேன். இரண்டு மடங்காக்கச் சொல்லவில்லை. சாதாரண இண்டக்‌ஷன் மோட்டார் கொஞ்ச நேரத்துக்குத் தன் மதிப்பைப் போல இரண்டு மடங்கு முறுக்கைத் தரக்கூடியது. எதிர்பாராத ஒரு கனமான வெட்டை அது தாங்கிக்கொள்ளும். காயில் கருகுவதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு ஃபேஸ் போன நிலையில் ஓடியது, மூன்று ஃபேஸும் சமமாக இல்லாதது, காற்றோட்ட வழியில் தூசும் எண்ணெயும் அடைத்தது, அடிக்கடி டிரிப் ஆகிறது என்று ஓவர்லோடு ரிலேயை ஏற்றி வைத்தது ஆகியவை இருக்கும். இவை மோட்டாரின் அளவைப் பார்ப்பதில்லை. பத்து எச்பி மோட்டாரும் இரண்டு ஃபேஸில் ஓடினால் கருகத்தான் செய்யும். அப்போது காயில் கட்டும் செலவு மட்டும் கூடுதல்.

ஜாப் ஆர்டர் பட்டறைக்கு நாளை என்ன வேலை வரும் என்று தெரியாது, ஆகவே கணக்கெல்லாம் பெரிய கம்பெனிகளுக்குத்தான் என்பார்கள். ஒரே பொருளை லட்சக்கணக்கில் செய்கிற பெரிய கம்பெனிக்குக் கணக்கு எளிது, சரி. ஆனால் ஜாப் ஆர்டர்காரருக்குத் தன் தொழிலின் எல்லை தெரியும். கடந்த ஓராண்டில் வந்த வேலைகளில் மிகப் பெரிய டிரில் எது, மிகக் கனமான ரஃப் வெட்டு எது, மிகக் கடினமான உலோகம் எது என்று பில் புத்தகத்தைப் புரட்டினாலே சொல்லிவிடுவார். அந்த ஒன்றிரண்டு வேலைகளுக்குக் கணக்குப் போட்டால் போதும். மற்றவை அதற்குள் அடங்கிவிடும். வருடத்துக்கு ஒருமுறை வரும் ராட்சத வேலைக்காக ஆண்டு முழுவதும் ராட்சத மோட்டாரை வைத்துக்கொள்வதைவிட, அந்த ஒன்றை வெளியே கொடுத்து வாங்குவது மலிவு. கோவை போன்ற ஊரில் அதற்கு ஆளுக்கா பஞ்சம்?

ஆகவே அடுத்த எந்திரத்துக்கு விலை பேசப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பெரிய டிரில்லின் விட்டத்தையும் கனமான வெட்டின் ஆழம், ஃபீடு, வேகத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். விற்பவரிடம் எச்பியைக் கேட்காமல் ஸ்பிண்டிலின் முறுக்குவிசை வரைபடத்தைக் கேளுங்கள்; நீங்கள் எழுதிய சுற்றுவேகத்தில் தொடர் மதிப்பு எவ்வளவு என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.